பாதியில் தொடங்கும் படங்கள்

ஜூன் 2, திங்கள்

டாக்டர் ஹேமலதா எழுதி வைக்கச் சொன்னார். வலிப்பு வந்த நாள், வந்த வேளை, முந்தின இரவின் தூக்கம், சாப்பாடு, மாத்திரை. கம்பெனியில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி பிரிக்காமலே கிடந்தது. இதிலேயே எழுதுகிறேன்.

தை மாதம் எங்களுக்குக் கல்யாணம். வாணிக்கு முதல் தடவை பங்குனியில் வந்தது. பிறகு சித்திரையில் ஒன்று, போன வாரம் ஒன்று. எல்லாமே விடிகிற நேரத்தில், படுக்கையில். எல்லாவற்றுக்கும் என் போனில் வீடியோ இருக்கிறது.

டாக்டர் மூன்றையும் பார்த்தார்.

"எல்லாமே பாதியிலதான் சார் ஆரம்பிக்குது. கை கால் வெட்டி இழுக்கறது தெரியுது. அதுக்கு முன்னாடி என்ன ஆச்சு? எனக்கு அதுதான் வேணும்."

"நான் பாக்கறப்பவே இழுத்துட்டுத்தானுங்க இருக்குது."

"அப்ப ரூம்ல ஒரு கேமராவ நிறுத்தி வெச்சு, காலையில ஓட விடுங்க. கையில புடிச்சு எடுக்க வேண்டாம். ஆரம்பம் விழணும்."

அதுவரைக்கும் இப்போதைய வலிப்பு மாத்திரையே தொடரட்டும் என்றார். வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் வாணி கேட்டாள்: "மொதல் தடவையே வீடியோ எடுத்தீங்களா?"

"டாக்டருக்குக் காட்டத்தான்" என்றேன்.

பங்குனியில் எங்களுக்கு டாக்டரே கிடையாது. அதை அவள் கேட்கவில்லை.

ஜூன் 4, புதன்

போனை அலமாரியில் புத்தகங்களுக்கு நடுவே சாய்த்து வைத்துப் பார்த்தேன். சரிப்படவில்லை. முதலில் இடமில்லை என்றது. போன் முழுக்க நசுங்கிய வண்டிகள். நான் வாகனக் காப்பீட்டு சர்வேயர். விபத்தான லாரி, கார் எதுவானாலும் நான் போய்ப் பார்த்துச் சேதத்தை மதிப்பிட்ட பிறகுதான் இழப்பீடு. வண்டியைத் தொடுவதற்கு முன்னால் நான்கு மூலையிலிருந்தும் படம் எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் வேலையின் முதல் பாடம். தொட்ட பிறகு எடுத்த படம் எங்கேயும் செல்லாது.

பழைய படங்களை அழித்து இடம் பண்ணி வைத்தேன். விடிகிற நேரத்தில் பைபாஸ் பட்டறையிலிருந்து அழைப்பு வந்ததும் பதிவு நின்றுவிட்டது. போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்ப் பேசினேன். திரும்பி வந்தபோது வாணி விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றாள். தண்ணீர் கொடுத்தேன். வலிப்பு இல்லை.

ஜூன் 6, வெள்ளி

காலையில் அரிசியம்பருப்பு சாதம் செய்தாள். நன்றாக இருந்தது. ஒன்றும் வரவில்லை.

மதியம் அக்கா கூப்பிட்டாள், காங்கேயத்திலிருந்து. அம்மா போன பிறகு எனக்கு அம்மாவும் அக்காதான். பெண் பார்த்தவளும் அவள்தான்.

"டாக்டர் என்ன சொல்றாங்க?"

"ஆரம்பத்திலிருந்து வீடியோ வேணுமாம்."

"ஆரம்பம் என்னடா ஆரம்பம். இழுக்கறது இழுக்கறதுதான். பொறந்ததிலிருந்தே இருந்திருக்கும், மறைச்சுக் கட்டி வெச்சுட்டாங்க. மூர்த்தி, நானா கேக்கல, வக்கீல் சொன்னாரு. நாலஞ்சு இருந்தா நல்லதாம். தேதியோட. மூஞ்சி தெரியற மாதிரி."

எதற்கு நல்லது என்று நான் கேட்கவில்லை. போன வாரத்து வீடியோவை அனுப்பச் சொன்னாள். ஏற்கெனவே அனுப்பியிருந்தேன். கிடைக்கவில்லையாம், மறுபடி அனுப்பினேன்.

ஜூன் 8, ஞாயிறு

மாமனார் சென்னிமலையிலிருந்து பஸ்ஸில் வந்தார். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் துண்டில் சுற்றிய சின்ன வீடியோ கேமரா, உள்ளங்கைக்குள் அடங்குவது. கூடவே மூன்று கால் ஸ்டாண்டு.

அவர் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நீளம் தாண்டுகிற பிள்ளைகள் எங்கே காலை ஊன்றுகிறார்கள் என்று பார்ப்பதற்காக வாங்கினாராம்.

"போன்ல எடுத்தா அந்தச் சமயத்துல தட்டணும் மாப்ள. நம்ம தட்டறதுக்குள்ள அவன் குதிச்சுப்போடுவான். இது அப்பிடியில்லீங்க. பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். இருட்டுலயும் புடிக்கும். நாம மறந்தாலும் அது மறக்காது."

கட்டிலின் கால்மாட்டில் ஸ்டாண்டை நிறுத்தி, தலையணை, அலமாரி, கதவு மூன்றும் தெரிகிற மாதிரி வைத்தார். எந்தப் பொத்தான், எந்த விளக்கு எரிய வேண்டும் என்று வாணிக்கும் எனக்கும் காட்டினார். சாப்பிடும்போது தானாகவே சொன்னார்.

"எனக்கு நெனப்பு வருதுங்க. வாணி எட்டாவது படிக்கறப்ப தீவாளிக்குப் பக்கத்துல எவனோ அணுகுண்டு வெச்சுட்டான். இது தின்னுட்டு இருந்த முறுக்கோட அப்பிடியே சாஞ்சிருச்சு. பயந்துக்கிச்சுன்னு திருநீறு போட்டோம். ஒடனே எந்திரிச்சு வெளையாடப் போயிருச்சு. அதையும் டாக்டர்கிட்டச் சொல்லிப்போடுங்க மாப்ள. எது ஒதவுமோ என்னமோ."

சொல்கிறேன் என்றேன்.

அவரை பஸ் ஏற்றிவிட்டு, பஸ் ஸ்டாண்டிலேயே நின்று அக்காவுக்குத்தான் முதலில் சொன்னேன். "பாத்தியா, அவங்க வாயாலயே ஒத்துக்கிட்டாங்க" என்றாள் அக்கா. நானும் ஆமாம் என்றேன். டாக்டருக்கு இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

ஒன்றும் இல்லை. தூக்கம் நன்று.

ஜூன் 12, வியாழன்

ஒன்றும் இல்லை. வாணி பால் பண்ணைக்குப் போன் செய்து லீவை நீட்டிக்கொண்டாள். அங்கே ஆய்வகத்தில் பாலின் தரம் பார்க்கும் வேலை அவளுக்கு. மயங்கி விழுந்தால் அங்கே அமிலம் இருக்கிறது, வர வேண்டாம் என்கிறார்களாம்.

காலையில் எழுந்ததும் அவளே கேமராவை நிறுத்தி அதன் சின்னத் திரையை மடக்கி வைக்கிறாள். இன்று அதைத் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"இது இருந்தா எனக்கு ஒண்ணும் தோணறதில்லீங்க. போன நீட்டுனீங்கன்னா உங்க பின்னாடி நாலு பேரு நின்னு பாக்கற மாதிரி இருக்குது. இது எங்கப்பா மாதிரி. பாக்கும், சும்மா இருக்கும். யாருக்கும் அனுப்பாதில்ல?"

அனுப்பாது என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று வந்தது.

லட்சுமி நகர் பக்கம் சரக்கு லாரி கவிழ்ந்ததாக அழைப்பு. பேசிவிட்டு வந்தபோது இழுத்துக்கொண்டிருந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கண் விழித்தாள். களைப்பு. காபி வேண்டாம் என்றாள். லாரியை மதியம் போய்ப் பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம்

வாணி தூங்கிக்கொண்டிருக்கும்போது கேமராவில் பார்த்தேன். முழுவதும் பார்க்கவில்லை. நான் உள்ளே வருகிற இடத்துக்கு ஓட்டிப் பார்த்தேன். என் குரல் வந்ததும் நிறுத்திவிட்டேன்.

காலையில் அந்தக் கேமரா ஓடுகிறது என்பதே எனக்கு நினைவில்லை. நான்கு பேர் நின்று பார்ப்பது மாதிரி அது தோன்றுவதே இல்லையே.

வாணி எழுந்து, "விழுந்திருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"பதியல" என்றேன்.

"செவப்பு லைட்டு எரிஞ்சுட்டுத்தான இருந்துச்சு?"

"கார்டு கெட்டுப்போச்சாட்ட இருக்குது. புதுசு வாங்கிப் போடறேன்."

அந்தக் கார்டு இப்போது என் காரில், சர்வே ரசீதுகள் வைக்கும் உறைக்குள் இருக்கிறது.

ஜூன் 18, புதன்

புதுக் கார்டு போட்டாயிற்று.

மாமனார் போன் செய்தார். வாணி சொல்லியிருக்கிறாள். "என்ற மிசினு பழசு மாப்ள, நல்ல நேரத்துல ஏமாத்திப்போட்டுது. நான் கொண்டாரப்பவே ஒருக்கா சரி பாத்துக் கொண்டாந்திருக்கணும். தப்பு என்னோடதுங்க, மன்னிச்சுக்கங்க."

பரவாயில்லை மாமா என்று சொன்னேன். போனை வைத்த பிறகும் வெகுநேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

அக்கா, நாலாவது வீடியோ ரொம்பத் தெளிவு, வக்கீலுக்குப் பிடித்துவிட்டது என்றாள். மருந்துச் சீட்டுகளையும் படம் எடுத்து வைக்கச் சொன்னாள். ஆவணியில் விவாகரத்துக்குப் பேசலாமாம்.

வாணி கடலை வறுத்து வைத்திருந்தாள். எனக்குப் பிடிக்கும் என்று உப்புத் தண்ணீர் தெளித்து வறுத்தது.

ஜூன் 26, வியாழன்

கேமராவுக்குள்ளேயே படத்தை வெட்டும் வசதி இருக்கிறது. நான் உள்ளே வரும் இடத்தோடு வெட்டிவிட்டு முன்பகுதியை மட்டும் கொடுக்கலாமா என்று, பட்டறை வாசலில் காரை நிறுத்திக்கொண்டு, வீட்டிலிருந்து கேமராவையும் எடுத்து வந்து பார்த்தேன். வெட்டட்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன்.

ஏன் வெட்டவில்லை என்று எனக்கே தெரியவில்லை. நல்ல காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வெட்டினால் டாக்டரிடம் காட்ட வேண்டும், காட்டினால் பதியவில்லை என்று சொன்னது பொய்யாகிவிடும். அவ்வளவுதான்.

டாக்டரிடம் போகும் நாளைத் தள்ளி வைத்தேன். வேலை அதிகம் என்று வாணியிடம் சொன்னேன்.

ஜூலை 5, சனி

ஒரு வாரத்துக்கு மேலாக எழுதவில்லை. இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை அழைப்பு. எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன். பேசிவிட்டு வந்தேன். இழுத்துக்கொண்டிருந்தது. பிறகு இழுப்பு நின்றது. ஆனால் அவள் திரும்பி வரவில்லை. உதடு நீலம். மூக்கில் கை வைத்தேன், மூச்சு இல்லை. போனை எங்கே போட்டேன் என்று தெரியாது. தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். கீழ்வீட்டு அம்மாள் நைட்டியோடு ஓடி வந்து காரின் பின்சீட்டில் ஏறி, வாணியின் நெஞ்சை அழுத்திக்கொண்டே வந்தார். நர்ஸாக இருந்தவராம். இத்தனை மாதமாகக் கீழேயே இருக்கிறார். ஒரு நாளும் அவரை நான் கூப்பிட்டதில்லை. வெளியே தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். அதாவது கீழ்வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் மின்சாரம் கொடுத்து இதயத்தை ஓட வைத்தார்கள்.

டாக்டர் ஹேமலதா வந்தார். "அந்தக் கேமரா என்னாச்சு சார்? ஒண்ணு கூடவா விழல?" என்றார். அவர் பக்கத்தில் மாமனார் நின்றுகொண்டிருந்தார், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு.

காருக்குப் போய், பட்டறை வாசலில் பார்த்த நாளிலிருந்து ரிப்பேருக்கு என்று வாணியிடம் சொல்லி அங்கேயே வைத்திருந்த கேமராவையும், உறையிலிருந்து கார்டையும் எடுத்து வந்து கொடுத்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

டாக்டரின் அறையில் பார்த்தோம். அவர், இதய டாக்டர் ஒருவர், மாமனார், நான்.

திரையில் எங்கள் அறை. ஜன்னலில் லேசாக வெளிச்சம். வாணி மல்லாந்து தூங்குகிறாள். நான் அந்தப் பக்கம். அவள் தலைக்கு மேலே அலமாரியில் என் போன், சார்ஜில்.

போன் அடித்தது. எந்தத் தூக்கத்திலும் கேட்க வேண்டும் என்று நான் முழுச் சத்தத்தில் வைத்திருக்கும் பழைய டெலிபோன் மணி. அந்த அறையில் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று எனக்கு அதுவரை தெரியாது. வாணி தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள். நான் எழுந்து, அவளுக்கு மேலே கையை நீட்டிப் போனை எடுத்து, திரும்பிப் பார்க்காமல் கதவுப் பக்கம் நடந்தேன். என் முதுகுக்குப் பின்னால் அவள் கை நீண்டது. என் பனியனைப் பிடிக்க வந்தது மாதிரி. வாய் திறந்தது. அப்படியே பின்னால் சாய்ந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அசைவே இல்லை.

வெளியே படியில் நான் பேசுவது கேட்டது. எந்தப் பக்கம் கவுந்திருக்குது, கிரேன் வந்துருச்சா, யாரும் தொடாதீங்க.

அதற்குப் பிறகுதான் கையும் காலும் வெட்ட ஆரம்பித்தன.

இதய டாக்டர் அங்கேயே நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். மணி, திடுக்கிடல், நீண்ட கை, வெளுத்த முகம். மறுபடி.

"இது வலிப்பு நோயே இல்லீங்க," என்றார். "மொதல்ல ஹார்ட் தாளம் தப்புது. மூளைக்கு ரத்தம் போகல. அதனாலதான் பின்னாடி இழுக்குது. பொறவியிலேயே சிலருக்கு இதயத்தோட மின்சார ஓட்டத்துல ஒரு கொறை இருக்கும். நல்லா தூங்கிட்டு இருக்கறப்ப திடீர்னு போன், அலாரம் அடிச்சா போதும். சின்ன வயசுல வெடிச் சத்தத்துக்கு, ஸ்கூல் மணிக்கு எப்பவாவது மயங்கி விழுந்திருக்குதா?"

"தீவாளிக்கு," என்றார் மாமனார். "நான் மாப்ளகிட்டச் சொன்னனுங்க."

டாக்டர் ஹேமலதா என்னைப் பார்த்தார்.

நான் எடுத்த எந்த வீடியோவிலும் அந்த மணி இல்லை. மணி அடிக்கிற போனே அல்லவா படம் பிடித்தது. ஒவ்வொரு தடவையும் அழைப்பைப் பேசி முடித்துவிட்டுத்தான் அறைக்குள் வந்திருக்கிறேன். அழைப்புப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். பங்குனி, சித்திரை, வைகாசி எல்லாவற்றிலும் அதே காலை, அதே பட்டறைகள்.

டாக்டர் படத்தை நிறுத்த மறந்துவிட்டார். அது ஓடிக்கொண்டே இருந்தது.

நான் உள்ளே வருகிறேன். வாசலில் நிற்கிறேன். ஓடிப் போகவில்லை. போனைத் தூக்கிப் பிடிக்கிறேன். கால்மாட்டில் நின்று எடுக்கிறேன். பிறகு பக்கவாட்டில் போகிறேன். அவள் முகத்தில் கிடந்த முடியை விலக்குகிறேன், பிரியத்தால் அல்ல. மறுபடி எடுக்கிறேன். நான்கு மூலையிலிருந்தும். அதன் பிறகுதான் அவளை ஒருக்களித்துப் படுக்க வைக்கிறேன். போனை வாயருகே கொண்டுபோய்ப் பேசுகிறேன்: "அக்கா, நாலாவது. இந்தத் தடவ மூஞ்சி தெளிவா விழுந்திருக்குது. வக்கீல் கேட்ட மாதிரி."

மாமனார் எழுந்து நின்று, டாக்டர்களைப் பார்த்து, "கொழந்தைக்கு இனி என்ன பண்ணோணும், சொல்லுங்க" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

கோயம்புத்தூருக்குக் கொண்டு வந்துவிட்டோம். தோளுக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு சின்னக் கருவி வைப்பார்கள். இதயம் தாளம் தப்பினால் அது உள்ளேயே அதிர்ச்சி கொடுத்துத் திருப்பிவிடுமாம். வலிப்பு மாத்திரைகளை நிறுத்திவிட்டார்கள். வார்டில் எல்லோரும் போனைச் சத்தமில்லாமல் வைக்க வேண்டும். நான் அணைத்தே வைத்திருக்கிறேன். வேலையிலிருந்து கூப்பிட்டிருப்பார்கள்.

ஜூலை 11, வெள்ளி

கருவி வைத்தாயிற்று. நலம்.

மாமனார் டீ வாங்கப் போயிருந்தபோது வாணி தலையணைக்கு அடியிலிருந்து கேமராவை எடுத்தாள். திரையைத் திறக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா ஒண்ணும் சொல்லல. இதக் குடுத்து, பாக்கறதும் பாக்காததும் உன்ற இஷ்டம்னாரு. பாத்துட்டேன்."

கார்டு போடும் மூடியை விரலால் தடவினாள்.

"தேதி போட்டிருக்குது அதுல. ஜூன் பதினேழு. அன்னிக்குப் பதியலன்னீங்க."

"ஆமா."

"அன்னிக்கே குடுத்திருந்தா?"

பதிலை அவளும் அறிவாள், நானும் அறிவேன். அன்றே கொடுத்திருந்தால் மறுநாளே போன் மணியை நிறுத்தியிருப்போம். ஜூலையில் அவள் மூச்சு நின்றிருக்காது.

"எனக்குப் பயமா இருந்துச்சு வாணி. இழுக்கறதப் பாத்தா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது."

"பயந்தவங்க கையப் புடிப்பாங்க, இல்லாட்டி ஓடிப் போவாங்க. நீங்க வெளிச்சம் நல்லா விழற பக்கமாப் பாத்து நின்னீங்க."

மாமனார் டீயோடு வந்தார். மூன்று டம்ளர். எனக்கும் வாங்கி வந்திருந்தார்.

ஜூலை 16, புதன்

வாணியை அழைத்துக்கொண்டு மாமனார் சென்னிமலைக்குப் போனார். துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது கீழ்வீட்டு அம்மாளிடம், "நாளைக்கு ஆடி பொறக்குதுங்களே, தலையாடி. பொண்ண அழைச்சுட்டுப் போறேன்" என்றார் சிரித்தபடி. புதுப் பெண்ணை ஆடிக்கு அழைத்துப் போவது ஊர் வழக்கம். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். என் மானத்தையும் அவர்தான் காப்பாற்றிவிட்டுப் போனார்.

வாணி அலமாரியில் தன் பக்கத்தை முழுவதும் காலி செய்திருந்தாள். ஆடிக்குப் போகிறவர்கள் குளிர்காலத்துச் சால்வையை எடுத்துப் போவதில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. மாமனார் வீட்டிலிருந்து கூப்பிடவில்லை. நானும் போகவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. சென்னிமலைக்குப் போனேன்.

வாணி போன வாரத்திலிருந்து வேலைக்குப் போகிறாளாம். முகத்தில் தெளிவு வந்திருக்கிறது. எடுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் தன் போனை என் பக்கம் திருப்பி வைத்தாள். சத்தத்தை நிறுத்தியிருந்தாள்.

நான் எடுத்த நாலாவது வீடியோ. அவள் முகம். நான் முடியை விலக்கிய பிறகு எடுத்த பகுதி.

"லேப்ல கூட இருக்கற பொண்ணு காட்டுச்சு. 'அக்கா, இது நீங்களா'ன்னு. அவங்க மாமியார் ஊரு காங்கேயம் பக்கமாம். யாரோ எச்சரிக்கையா இருங்கன்னு போட்டு அனுப்பிச்சிருக்காங்க. 'நோயை மறைத்துக் கல்யாணம்'னு மேல எழுதியிருக்குது, பாத்தீங்களா?"

பார்த்தேன்.

"இதப் பாத்தவங்க எவ்வளவு பேருன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. எங்கப்பா மறைச்சாருன்னு நெனச்சுட்டு இருக்கறவங்க எத்தன பேரோ. ரோட்டுல அவரப் பாத்து ஒருத்தரு மூஞ்சியத் திருப்பிட்டுப் போனாராம். ஏன்னு அவருக்கே புரியல. நான்தான் சொல்லல."

"நான் அக்காகிட்டச் சொல்லி அழிக்கச் சொல்றேன்."

"அழிக்க முடியாதுங்க. அது எல்லாரு கையிலயும் இருக்குது." போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "எங்க பக்கத்து ஆளுங்ககிட்ட நான் பேசிக்கறேன். உங்க பக்கத்துல நீங்க போயிச் சொல்லுங்க. போன்ல இல்ல. நேர்ல."

"சொல்லிட்டா வருவியா?"

"வாரதுக்காகச் சொல்றதா இருந்தா சொல்ல வேண்டாம்," என்றாள். உள்ளே போய்விட்டாள். வரேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

முதலில் அக்கா வீடு. எல்லாம் சொன்னேன். நெஞ்சுக் கோளாறு, பிறவிக் குறை, அவர்களுக்கே தெரியாது, அந்த மணிச் சத்தம். அக்கா அழுதாள்.

"நான் உனக்காகத்தானடா பண்ணேன். அம்மா இல்லாத பையன், ஏமாந்துறக் கூடாதுன்னு."

"தெரியுங்க்கா."

"நீ ஒருக்காவாச்சும் வேண்டாம்னு சொன்னியா? நான் கேட்டன், நீ அனுப்புன."

அது உண்மை. கோபத்தில் சொல்லவில்லை, அழுதுகொண்டேதான் சொன்னாள். யார் யாருக்கு அனுப்பினாள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர்கள் யாருக்கு அனுப்பினார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

அப்புறம் வெள்ளகோவில் பக்கம் பெரியப்பா வீடு. எங்கள் குடும்பத்தில் மூத்தவர் அவர். கல்யாணத்தில் எனக்குத் தந்தை இடத்தில் நின்று நடத்தி வைத்தவர். தேங்காய் மட்டையைக் குவித்துக்கொண்டிருந்தவர் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பெரியம்மா காபி போட உள்ளே போனார்.

பொறுமையாகக் கேட்டார். நடு நடுவே "அட கெரகமே" என்றார். மாமனார் சென்னியப்ப வாத்தியார் எதையும் மறைக்கவில்லை, அவராகவே சொன்னதை நான்தான் டாக்டரிடம் சொல்லாமல் விட்டேன் என்றேன்.

"நல்ல மனுசன அநியாயமாப் பேசிப்போட்டோம்," என்றார். "நானே ஒரு விசேசத்துல நாலு பேருகிட்டப் பேசிட்டேன். போயி அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோணும்." கொஞ்ச நேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அது கெடக்கட்டும். அந்தப் படத்த என்ற பேரன் காட்டுனான். அந்தப் புள்ள துடிச்சுட்டுக் கெடக்குது. ஒருத்தன் சுத்திச் சுத்தி வந்து படம் புடிச்சிருக்கறான். வேலைக்காரனா, ஆரு? புடிச்சவன் எவன்டா அவன்?"

அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் வந்திருந்தேன். தெரியவில்லை. படத்தில் எடுத்தவன் இல்லையே.

"நான்தானுங்க பெரியப்பா."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெரியம்மா காபியைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். குடி என்று யாரும் சொல்லவில்லை.